கண்ணனுக்கு, டிரைவ்கள் விஷயமாக

ஸ்ரீரங்கம்
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணா,

"மூணு டிரைவையும் மாமாகிட்ட கொடுத்து விடும்மா, சர்வர்ல போட்டுக்கிறேன்" என்ற உன் மெசேஜைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். மூன்று வாரத்தில் உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். போனில் சொன்னால் "தெரியும்மா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

வீட்டிலேயே சொந்தமாக, ஃபைலெல்லாம் சேர்த்து வைக்கிற சர்வர்ப் பெட்டி வைக்கிறாய் என்றதும் எதிர்வீட்டு மாமியிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் பழைய டிரைவை உள்ளே சொருகினால் போட்டோவெல்லாம் தானாக வந்து நிற்கும் என்று நினைத்துவிடாதே. பூலில், அதாவது பல டிரைவை ஒன்றாகக் கோத்த பொது இடத்தில், சேர்க்கும்போது அந்தப் பெட்டி தன் முறைப்படி டிரைவைப் புதிதாக எழுதிக்கொள்ளும். இருந்ததெல்லாம் போய்விடும். திரையில் எச்சரிக்கை வரும்தான், நாம்தான் படிக்காமல் ஓகே கொடுப்போம். முதலில் புது டிரைவ் இரண்டு வாங்கி உள்ளே போடு. பழையதை யுஎஸ்பியில் வெளியே மாட்டிக் காப்பி பண்ணு. 2 டிபி நிறைந்திருந்தால் ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும், யுஎஸ்பி 2 என்றால் முக்கால் நாள். ஆகட்டும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கு. காலையில் ஃபைல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்படாதே, ஃபைலுக்குள் இருப்பதை வைத்துக் கணக்குப் போடும் செக்சம் எண்ணை இரண்டு பக்கமும் எடுத்து ஒப்பிட்டுப் பார். சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

கறுப்பு 500 ஜிபி அப்பா வாங்கியது, வயதாகிவிட்டது. டிரைவ் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் ரீஅலொகேட்டட் செக்டார் (கெட்டுப்போய் மாற்றிவைத்த இடம்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அதை நம்பாதே. அளவும் ஒத்துவராது. 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி மூன்றையும், ஒன்று கெட்டாலும் தாங்கும் ரெய்டு 5 முறையில் கோத்தால் ஒவ்வொன்றிலும் 500 ஜிபிதான் கணக்கு, அதில் ஒரு பங்கு பாதுகாப்புக்குப் போய்க் கடைசியில் கைக்கு வருவது 1 டிபி. உறையை உடைத்து உள்ளே இருப்பதை எடுக்கவும் பார்க்காதே. சில சின்ன டிரைவ்களில் யுஎஸ்பி போர்ட்டை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பெட்டிக்குள் மாட்டுகிற சாட்டா இணைப்பு இருக்காது.

இரண்டு டிரைவிலும் ஒரே மாதிரி எழுதுகிற மிரர் இருக்கிறதே என்பாய். மிரரில் ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அந்த நொடியே அழியும். பேங்கில் நான் பேக்கப் டேப் எடுத்து முடிக்கும்வரை நீ யூனிஃபார்மோடு பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாயே, எத்தனை நாள் ஆறு மணி பஸ்ஸை விட்டிருக்கிறோம்! அந்த டேப்பில் ஒரு செட் வேறு கிளைக்குப் போகும். நீயும் ஒரு காப்பியை இங்கே என்னிடம் கொடுத்து வை. முதலில் காப்பி, அப்புறம்தான் மற்றது.

இப்படியெல்லாம் சொல்கிற நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன். அப்பா பாடியதெல்லாம் இருந்த டிரைவ், கரண்ட் போய்க் கெட்டது என்று உன்னிடமும் சித்தியிடமும் சொன்னேன். கரண்ட் போகவில்லை. 2014-ல் புது கம்ப்யூட்டரில் அதை மாட்டியதும் ஃபார்மட் பண்ணவா என்று கேட்டது. நான்தான் சரி என்று கொடுத்தேன். காலியாகிவிட்டது என்று தெரிந்ததும் பதறிப்போய், கையில் கிடைத்த போட்டோக்களையெல்லாம் அதன் மேலேயே காப்பி பண்ணினேன். மீட்க வந்த பையன், "மேலே எதுவும் எழுதாம இருந்திருந்தா எடுத்திருக்கலாம் மேடம்" என்றான். 26 வருஷம் பேங்குக்கு பேக்கப் எடுத்தவள், அப்பாவின் குரலுக்கு ஒரு காப்பி வைக்கவில்லை. நீ அன்றைக்குக் கரண்டைத் திட்டித் தீர்த்தாய். நான் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் அடுக்களையில் தனியாக நிற்கும்போது அந்தச் "சரி" ஞாபகம் வருகிறது.

கூரியரில் விட மனசில்லை. கறுப்பையும் நீலத்தையும் பழைய காட்டன் புடவையில் சுற்றி மாமாவிடம் கொடுத்துவிட்டேன். வியாழன் காலை ஸ்டேஷனுக்கு நீயே போய் வாங்கிக்கொள்.

வெள்ளை டிரைவை அனுப்பவில்லை. "கல்யாண வீடியோ இருக்கறதுக்குக் காப்பி வேண்டாம், காலி பண்ணிட்டு யூஸ் பண்ணிக்கறேன்" என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு நீ மட்டும் வந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. காயத்ரி வாங்கித் தந்த குக்கரில்தான் தினமும் சாதம் வைக்கிறேன், அவளிடம் சொல்.

உனக்கு 2 டிபி இடம்தானே வேண்டும்? நேற்று உன் அக்கவுண்டில் பணம் போட்டிருக்கிறேன், புதுசாக வாங்கிக்கொள். வெள்ளை டிரைவ் என் பீரோவில் இருக்கட்டும்.

அம்மா