கலரை வச்சு ஒயினை எடை போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல ரெட் ஒயின் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்ல முயற்சிதான், ஆனா கலர் எவ்ளோ அடர்த்தியோ அவ்ளோ தரம்னு அதுல ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அதை அப்படியே விட மனசு வரல. அந்தக் கணக்குப்படி பார்த்தா இத்தாலியோட தலைசிறந்த ஒயின்கள்ல ஒண்ணான பரோலோ முதல் ரவுண்டுலயே ஃபெயில் ஆயிடும்.

பரோலோவை கிளாஸ்ல ஊத்தினா அந்தப் பக்கம் இருக்கற எழுத்தைப் படிச்சுடலாம், அவ்ளோ வெளிறின சிவப்பு. வயசாக ஆக ஓரத்துல செங்கல் கலர் ஏறும். ஆனா ஒரு வாய் குடிச்சுப் பாருங்க, பால் விடாத ஸ்ட்ராங் டீ மாதிரி ஈறு கன்னம் எல்லாத்தையும் இழுத்துப் பிடிக்கும், அந்தத் துவர்ப்போட நல்ல புளிப்பும் சேர்ந்து வரும், ஆல்கஹாலும் பெரும்பாலும் 14 சதவீதம் பக்கம் இருக்கும். இது எல்லாத்துக்கும் காரணம் நெபியோலோங்கற திராட்சை, பரோலோவுல வேற எந்த திராட்சையும் கலக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. அதோட தோல்ல கலர் தர்ற பொருள் கம்மி, இருக்கறதும் காத்து பட்டா சீக்கிரம் மங்கிடற வகை, ஆனா துவர்ப்பு தர்ற டானின்ங்கற பொருள் மட்டும் தோல்லயும் விதையிலயும் ஏகத்துக்கு இருக்கு. அதனால கலர் வேற, பலம் வேற.

இது விளையறது வடமேற்கு இத்தாலியில பியட்மாண்ட் மாநிலம், ஆல்பா ஊருக்கு தென்மேற்கே இருக்கற லாங்கே மலைச்சரிவுகள்ல, மொத்தமே 11 ஊர்தான். நெபியோலோ சீக்கிரமே துளிர் விட்டுட்டு எல்லாத்துக்கும் கடைசியா, பெரும்பாலும் அக்டோபர்லதான் பழுக்கும், அதனால நல்லா வெயில் படற சரிவா பார்த்து வச்சாதான் உருப்படும். மண்ணும் ஊருக்கு ஊர் மாறுது, லா மொர்ரா பக்கம் சுண்ணாம்பு கலந்த களிமண்ணு, அங்க வர்ற ஒயின் வாசனையா கொஞ்சம் மென்மையா இருக்கும், செர்ராலுங்கா பக்கம் போனா முரட்டு ஒயின், வருஷக்கணக்கா காத்திருந்தாதான் இறங்கி வரும்.

காத்திருக்கறதுன்னா சும்மா பேச்சுக்கு சொல்லல, 1980ல இத்தாலி ஒயின் சட்டத்துல டிஓசிஜிங்கற உச்ச அந்தஸ்து வாங்கின ஒயின் இது, குறைஞ்சது 38 மாசம் வச்சிருந்துதான் விக்கணும், அதுல 18 மாசம் மரப்பீப்பாயில, லேபிள்ல ரிசர்வான்னு போட்டா 62 மாசம்.

அந்தப் பீப்பாய்தான் பெரிய சண்டையையே கிளப்பிச்சு. பழைய ஆளுங்க திராட்சைத் தோலை வாரக்கணக்குல சாறோட ஊற வச்சு அப்புறம் ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கற பெரிய பீப்பாய்ல வருஷக்கணக்கா போட்டு வைப்பாங்க. 1980கள்ல எலியோ அல்தாரே மாதிரி இளைஞர்கள் வந்து ஊற வைக்கிற நாளைக் குறைச்சு 225 லிட்டர் பிரெஞ்சு ஓக் மரப் பீப்பாய்க்கு மாறினாங்க, அல்தாரே அப்பாவோட பழைய பீப்பாய்களை செயின் சா வச்சு அறுத்தே போட்டார், அப்பா அவரை வாரிசே இல்லன்னு ஒதுக்கிட்டார். அவங்களால ஒயின் சீக்கிரம் குடிக்கிற பதத்துக்கு வந்துச்சு, பாதாள அறைகளும் சுத்தமாச்சு, அதை நான் மறுக்கல. ஆனா என் மனசு பெரிய பீப்பாய் பக்கம்தான், ஏன்னா புது ஓக்கோட வெனிலா வாசனை நெபியோலோவோட ரோஜா வாசனையை அமுக்கிடுது, அந்த ரோஜா இல்லன்னா அப்புறம் எதுக்கு பரோலோ? இப்போ ரெண்டு பக்கமும் நடுவுல எங்கயோ வந்து நிக்கறாங்க, சந்தோஷம்.

வாசனையைப் பத்தி ஒரு பக்கமே எழுதலாம். காய்ஞ்ச ரோஜா, ரோடு போடற தார், செர்ரி இதெல்லாம் முதல்ல வரும், தார்னதும் முகம் சுளிக்காதீங்க, அந்த ரோஜாவோட சேரும்போது அது தர்ற ஆழமே தனி. பத்து பதினஞ்சு வருஷம் போனா அதிமதுரம், பதப்படுத்தின தோல், ஈரக் காட்டு மண்ணு, காளான்னு மாறிக்கிட்டே போகும். ஒரே கிளாஸ் ஒரு மணி நேரத்துல மூணு விதமா மணக்கும், அதனால தயவு செஞ்சு அவசரமா குடிக்காதீங்க.

கட்டுரையில விட்டுப்போன இன்னொண்ணு, இதை ஃப்ரிட்ஜ் குளிர்ல குடிச்சா துவர்ப்பு மட்டும்தான் தெரியும், 16லேர்ந்து 18 டிகிரி போதும், வாய் அகலமான பெரிய கிளாஸ் வேணும். இளசா இருந்தா ஒரு ரெண்டு மணி நேரம் முன்னாடியே ஜாடியில ஊத்தி வச்சுடலாம், பழசுன்னா பாட்டிலை முதல் நாளே நிமிர்த்தி வச்சு கசடு அடியில தங்கினதும் மெதுவா ஊத்தணும். சாப்பாடு இல்லாம தனியா குடிச்சுட்டு கடுமையா இருக்குன்னு சொல்றது நியாயமே இல்ல. பியட்மாண்ட்ல இதே ஒயின்ல மணிக்கணக்கா வேக வச்ச மாட்டிறைச்சியோடயோ, முட்டை மஞ்சக்கரு போட்டுப் பிசைஞ்ச தஜரின் பாஸ்தாவோடயோதான் சாப்பிடறாங்க, இறைச்சியோட புரதம் டானினைப் பிடிச்சுக்கறதால நாக்குல அந்த இழுப்பு குறைஞ்சு பழச்சுவை மேல வருது.

அடுத்த கட்டுரையில நெபியோலோவுக்கு ஒரு அரைப்பக்கமாவது ஒதுக்குங்க, அதே திராட்சையில பக்கத்துலயே செய்யற பார்பரெஸ்கோவையும் சேர்த்துக்குங்க, அது 26 மாசத்துலயே விற்பனைக்கு வந்துடும், புதுசா தொடங்கறவங்களுக்கு அதுதான் நல்ல வாசல்.

இப்படிக்கு,
உங்க நீண்ட நாள் வாசகர்