தெருவோர உணவைத் தடுக்க வேண்டாம், தேர்ந்தெடுக்கக் கற்றுக்கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டில் படிக்கச் செல்லும் மாணவர்களுக்காக நுழைவுத் தேர்வு, கல்விக் கடன், விசா ஆகியவற்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் எழுதி வருகிறீர்கள். அங்கே போய் இறங்கிய பிறகு நாள்தோறும் எழும் கேள்வியாகிய சாப்பாட்டைப் பற்றியும், குறிப்பாகத் தெருவோர உணவைப் பற்றியும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதம். நான் அயல்நாட்டில் இரண்டு ஆண்டுகள் முதுநிலைப் பட்டம் பயின்றவள். புறப்படும்போது பெரியவர்கள் அனைவரும் தவறாமல் சொல்லியனுப்பிய அறிவுரை, வெளியில் எதையும் வாங்கிச் சாப்பிடாதே என்பதுதான். அன்பினால் சொன்ன அந்த வார்த்தை எனக்கு நன்மை செய்யவில்லை.

வகுப்பு முடிந்ததும் உடன் படித்தவர்கள் வாசலில் நின்ற தள்ளுவண்டிகளைச் சூழ்ந்துகொண்டு உண்பார்கள். நான் அறைக்குத் திரும்பி, இரவில் ஒரே பாத்திரத்தில் மறுநாளுக்கும் சேர்த்துச் சோறு வடித்து, அதை மேசைமேல் மூடி வைத்துவிட்டு, மறுநாள் மதியம் சூடாக்கிச் சாப்பிடுவேன். இரண்டாம் மாதத்தில் கடுமையான வாந்தி வந்து படுத்தபோது, வளாக மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சமைத்த உணவை எவ்வளவு நேரம் வெளியில் வைத்திருந்தாய் என்பது. அரிசியில் இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வடித்த சோறு அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் இருந்தால் அவை முளைத்துப் பெருகி, மறுபடி சூடாக்கினாலும் அழியாத ஒரு நச்சை உண்டாக்குகின்றன. வெளியுணவுக்கு அஞ்சிய எனக்கு நோய் என் சொந்தச் சமையலிலிருந்து வந்தது என்பதை அப்போது நம்பவே முடியவில்லை.

தெருவோர உணவு முழுவதும் பாதுகாப்பானது என்று நான் வாதிடவில்லை. மாசடைந்த உணவால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் மதிப்பிட்டது; பெற்றோரின் அச்சத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்நிறுவனம் வகுத்த நெறிகளே, ஆபத்து உணவு விற்கப்படும் இடத்தைவிட அது கையாளப்படும் முறையில் இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 முதல் 60 டிகிரி செல்சியசுக்கு இடைப்பட்ட வெப்பத்தில். உணவின் உட்பகுதி 70 டிகிரியை எட்டினால் பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். சமைத்ததை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. இந்த அளவுகோலின்படி, நம் கண்ணெதிரே நெருப்பிலிருந்து எடுத்துச் சுடச்சுடத் தரும் வண்டிக்காரர், பிற்பகல் முழுவதும் ஆறிப்போன தட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் குளிரூட்டப்பட்ட உணவகத்தைவிட நம்பத்தக்கவராக இருக்கக்கூடும். கூட்டம் மொய்க்கும் கடையில் சரக்கு தேங்குவதில்லை. எச்சரிக்கை வேண்டியது வேறு இடங்களில்: எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாத பனிக்கட்டி, முன்கூட்டியே நறுக்கி வைத்த பழம், திறந்த கிண்ணத்தில் வெயிலில் இருக்கும் சட்னி வகைகள், காசு வாங்கிய கையாலேயே உணவை எடுத்துத் தரும் பழக்கம். ஒவ்வாமை உள்ள மாணவர் தமக்கு ஆகாத பொருளின் பெயரை அந்நாட்டு மொழியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பது உயிர்காக்கும் முன்னேற்பாடு.

இத்தனை கவனத்துக்குப் பிறகும் முதல் சில வாரங்களில் வயிற்றுப்போக்கு வரலாம். ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து, கரைத்துக் குடிக்கத் தெரிந்திருந்தால் பெரும்பாலும் சில நாள்களில் அதைக் கடந்துவிடலாம். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெட்டியில் கொண்டுபோன ஆன்டிபயாட்டிக் மாத்திரையைத் தானே எடுத்து விழுங்கக் கூடாது.

உடல்நலத்தைவிட முக்கியமாக நான் கருதும் இன்னொன்று உண்டு. புதிய நாட்டில் குடியேறுவோர் படும் மனத்தடுமாற்றத்தைப் பற்றி 1960இல் எழுதிய மானிடவியலாளர் கலெர்வோ ஓபர்க், அதன் அறிகுறிகளாக ஓயாமல் கை கழுவுவதையும், குடிநீர், உணவு, பாத்திரம், படுக்கை ஆகியவற்றைப் பற்றி அளவுமீறிக் கவலைப்படுவதையும், ஊர் திரும்பும் தீராத ஏக்கத்தையும் சேர்த்தே குறிப்பிட்டார். பல ஆண்டுகள் கழித்து அதைப் படித்தபோது, என் முதல் பருவத்தை யாரோ அருகிலிருந்து பார்த்து எழுதியதுபோல் இருந்தது. நான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி அச்சம். உணவை மறுத்ததால் அதைச் சுற்றி நடந்த பேச்சும் எனக்குக் கிடைக்காமல் போயிற்று. நோயிலிருந்து எழுந்த பின், ஒரு வகுப்புத்தோழி வற்புறுத்தி என்னைத் தள்ளுவண்டிக்கு அழைத்துச் சென்றாள். அங்கேதான் அந்நாட்டு மொழியில் எண்களைச் சொல்லக் கற்றேன். காரம் குறைவாக வேண்டும் என்று கேட்கக் கற்றேன். வரிசையில் நின்றவர்களிடம் பாடக் குறிப்புகளைக் கடன் கேட்கும் துணிவும் எனக்கு அங்கேதான் வந்தது. சில வாரங்களில் அந்த வண்டிக்கார அம்மா என்னைப் பார்த்ததும் நான் கேட்காமலே காரத்தைக் குறைத்துத் தருவார். அந்த ஊரில் என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் மனிதர் அவர்தான்.

ஆகவே, கல்விப் பக்கத்தில் உணவியல் வல்லுநர் ஒருவரையும், அயல்நாட்டில் படித்துத் திரும்பிய சிலரையும் எழுதச் செய்யுமாறு வேண்டுகிறேன். மாணவர்களை அனுப்பிவைக்கும் ஆலோசனை நிறுவனங்களும் புறப்பாட்டுக்கு முந்தைய கூட்டங்களில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். பெற்றோருக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் இருக்க வேண்டும். ஏனெனில் தொலைபேசியில் இரவுதோறும் என்ன சாப்பிட்டாய் என்று கேட்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி