கையெழுத்துப் போடாத சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

நீங்கள் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டதாகப் போன வாரம் பாளை பஸ் ஸ்டாண்டில் பார்த்த பழைய ஸ்டாஃப் ஒருவர் சொன்னார். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டுவார்கள் என்றுதான் இதை இங்கே எழுதுகிறேன்.

2021 மே மாதம், கோவிட் வார்டு, நைட் டூட்டி. பிபிஇ உடைக்குள் எல்லோரும் ஒன்றுபோல இருந்ததால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டு நின்ற நர்சிங் படிக்கும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஹாஸ்டலைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். சிறுநீர் போகக் கதீட்டர் குழாய் போடுவதை அங்கே உட்கார்ந்து வீடியோவில் பார்த்தேன். ஊசி போட்டுப் பழகியது தலையணையில். பிபி பார்க்க அம்மாவும் ஆச்சியும் மாற்றி மாற்றிக் கையை நீட்டினார்கள். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருஷம் ஆகிறது என்று உலக சுகாதார நிறுவனம் செவிலியர் ஆண்டாக அறிவித்திருந்ததும் அதே 2020தான்.

திரும்பி வந்தபோது, வார்டில் செய்த வேலைகளை எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட்டு காலியாகக் கிடந்தது. கல்லூரியில் நிரப்பச் சொன்னார்கள். செய்யாத வேலையைச் செய்ததாக, சீனியர் நோட்டைப் பார்த்து எழுதினோம். கை கூசியது, ஆனாலும் நானும் எழுதினேன். இதை மறைத்துவிட்டு உங்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த நோட்டைத்தான் உங்களிடமும் நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல நீயா வென்ஃப்ளான் போட்டது எத்தனை பிள்ள?" என்று கேட்டீர்கள். நரம்பில் ஊசிக்குழாய் ஏற்றியது ஒன்றுகூட இல்லை என்றேன். நீங்கள் திட்டவில்லை. நோட்டை மூடி மேசையில் வைத்துவிட்டு, "சரி, வா" என்றீர்கள்.

அம்பாசமுத்திரத்துத் தாத்தா ஒருவர். மாஸ்க் போட்டும் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88தான் காட்டியது. கை வீங்கியிருந்தது, நரம்பே தெரியவில்லை. ஃபேஸ் ஷீல்டு முழுக்க ஆவி, கையில் இரண்டு ஜோடி கிளவுஸ். "கண்ணால தேடாத. விரல வச்சு அமுக்கு, துள்ளி வரும் பாரு" என்று என் விரலைப் பிடித்து வைத்தீர்கள். முதல் குத்து தவறியது. தாத்தா வலியில் முகம் சுளித்தார். நீங்கள் அவரிடம், "பிள்ள படிக்குது தாத்தா, இன்னொரு தடவ பொறுத்துக்கிடுங்க" என்றீர்கள். அவர் மறு கையை நீட்டினார். அந்தக் கையில் பிங்க் வென்ஃப்ளானுக்குள் ரத்தம் எட்டிப் பார்த்தது. அப்புறம் இரண்டு பேருமாக அவரைக் குப்புறப் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் 92 ஆனது.

மகேந்திரகிரி ராக்கெட் மையத்திலிருந்து திரவ ஆக்சிஜன் கொடுக்கிறார்களாம் என்று வார்டில் பேசிக்கொண்ட நாட்கள் அவை. கடைசி வருஷத் தேர்வுக்குக் காத்திருக்கும் நர்சிங் மாணவர்களையும் மூத்தவர்கள் மேற்பார்வையில் பணியில் வைக்கலாம் என்று மத்திய அரசு சொல்லியிருந்தது. அந்த மேற்பார்வையை நான் உங்களிடம்தான் பார்த்தேன்.

இன்றைக்கும் எங்களை "ஆன்லைன் பேட்ச்" என்கிறார்கள். வேலைக்கு நேர்காணல் போன இடத்திலும் கேட்டார்கள். வலிக்கிறது சிஸ்டர். ஆனால் பள்ளம் இருந்தது உண்மைதானே? இருபது பிரசவம் பார்க்க வேண்டும் என்பது கணக்கு. நான் கையில் ஏந்தியது நாலு குழந்தை. எங்களுக்காக வீட்டு வாசலில் கைதட்டினார்கள், சந்தோஷம். அதைவிட, இன்னும் ஆறு மாதம் வார்டில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு ஆளையும் நிறுத்தியிருந்தால் அதுதான் எங்களுக்கு மரியாதை. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அது நாளைக்கு யாரோ ஒரு தாய் தலையில்தான் விடியும். அதனால்தான் படிப்பு முடிந்ததும், சம்பளம் கம்மி என்று தெரிந்தே, முதல் வேலையாகப் பிரசவ வார்டைக் கேட்டு வாங்கினேன்.

அன்று விடியற்காலையில் நோட்டைத் திருப்பித் தந்தபோது ஒரு வரிக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருந்தீர்கள். மற்றதெல்லாம் வெறுமையாகக் கிடந்தது. அப்போது கோபம் வந்தது, மன்னியுங்கள்.

ஆடியில் லீவு கிடைக்கும். ஊர்ப் பெயரை மட்டும் யாரிடமாவது சொல்லிவிடுங்கள், வந்து பார்க்கிறேன். அந்த நோட்டையும் எடுத்து வருகிறேன். நீங்கள் விட்டுவைத்த வேலை எல்லாம் இப்போது செய்யத் தெரியும் சிஸ்டர்.

இப்படிக்கு,
உங்கள் நைட் டூட்டிப் பிள்ளை