பெண்களுக்கு ஓர் ஆலிமா (பெண் மார்க்க அறிஞர்) வேண்டும்: பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும், வாராந்திரத் தமிழ் மார்க்க வகுப்பை நடத்துவோருக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

போன வாரம் வகுப்பில் நடந்ததை நான் விளக்க வேண்டியதில்லை. மைக் உங்கள் கையில்தான் இருந்தது. மாடியிலிருந்து பெண்கள் அனுப்பிய சீட்டுகளில் ஒன்றைப் பிரித்தீர்கள், பாதிவரை சத்தமாக வாசித்தீர்கள், பிறகு "இது பெண்கள் சமாச்சாரம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்" என்று மடித்து வைத்துவிட்டீர்கள். கீழே யாரோ சிரித்ததுகூட எங்கள் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. மற்ற நாட்களில் பயானே (மார்க்க உரையே) சரியாகக் கேட்காத ஸ்பீக்கர் அது. வகுப்பெடுக்கும் ஹஜ்ரத்தை நான் குறை சொல்லவில்லை. அவர் வாய் திறப்பதற்குள் சீட்டு மடிந்துவிட்டது.

அந்தச் சீட்டு என் தங்கை எழுதியது. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்காமலா எழுதினாள்? கேட்டதால் வந்த குழப்பம்தான் அது. நாங்கள் ஹனஃபி மத்ஹபு (மார்க்கச் சட்டப் பிரிவு), கடையநல்லூர்ப் பக்கம். அவள் வாழப்போன வீடு கீழக்கரைக்காரர்கள், ஷாஃபி. தலைப்பிரசவம். நாற்பது நாள் கழிந்தும் உதிரம் நிற்கவில்லை. "நாற்பதோடு நிஃபாஸ் (பிரசவ உதிரம்) முடிந்தது, இனி வருவது இஸ்திஹாளா (நோய் உதிரம்). குளித்துவிட்டுத் தொழு" என்கிறார் எங்கள் அம்மா. "அறுபது நாள்வரை நிஃபாஸ்தான், முஸல்லாவை (தொழுகை விரிப்பை) தொடாதே" என்கிறார் மாமியார். இரண்டு பேரும் அவரவர் மத்ஹபுப்படி சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒன்றின்படி அவள் தொழுதே ஆக வேண்டும், மற்றதன்படி தொழவே கூடாது. ரமலான் வேறு நெருங்கிவிட்டது. கைக்குழந்தையோடு தூக்கமில்லாமல் கிடக்கும் பெண், தொழுதால் பாவமா, விட்டால் பாவமா என்று அழுதுகொண்டிருக்கிறாள். எந்த மத்ஹபைப் பின்பற்றுவது, இரண்டு வீட்டையும் எப்படிச் சமாளிப்பது என்று பொறுமையாக உட்கார்ந்து சொல்ல ஆள் வேண்டும். அதைத்தான் கேட்டாள்.

இது அவள் ஒருத்தியின் பிரச்சினையும் இல்லை. ஹைளு (மாதவிடாய்) விஷயத்திலும் இதே கதைதான். ஹனஃபியில் குறைந்தது மூன்று நாள், அதிகம் பத்து. ஷாஃபியில் குறைந்தது ஒரு பகலும் இரவும், அதிகம் பதினைந்து. பன்னிரண்டாம் நாளும் உதிரம் பார்க்கும் பெண் என்ன செய்வாள்? விட்ட நோன்பைக் களாச் செய்ய (பிறகு ஈடுசெய்ய) வேண்டும், விட்ட தொழுகைக்குக் களா இல்லை என்பதையே கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்ட பெண்கள் நம் சிங்கப்பூர் அடுக்குமாடி புளோக்குகளில் இருக்கிறார்கள்.

ஆனால் அதே வகுப்பில் ஓர் அண்ணன் எழுந்து, எம்ஆர்டி ரயில் நெரிசலில் பெண்ணின் கை பட்டால் ஒளு (தொழுகைக்கான அங்கசுத்தி) முறியுமா என்று கேட்டார். ஷாஃபியில் முறியும், ஹனஃபியில் முறியாது என்று ஹஜ்ரத் அழகாக விளக்கினார். அடுத்தவர், மின்தூக்கியில் பக்கத்து வீட்டு நாய் காலை நக்கியதைக் கேட்டார். ஏழு தடவை கழுவுவது, அதில் ஒரு தடவை மண் கலப்பது, வீவக அடுக்குமாடி வீட்டில் மண்ணுக்கு எங்கே போவது என்று அது வெகுநேரம் ஓடியது. நல்ல விஷயம்தான், தெரிந்துகொண்டோம். நாயின் எச்சிலுக்குக் கிடைத்த நேரத்தில் கொஞ்சம் என் தங்கைக்கும் கிடைத்திருக்கலாம்.

வெட்கம் என்றா சொல்கிறீர்கள்? இஸ்திஹாளாவைப் பற்றி ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) நேராக நபியவர்களிடம்தான் கேட்டார்கள். அது ஒரு நரம்பிலிருந்து வருவது, ஹைளு அல்ல என்று நபி (ஸல்) பதில் சொன்னார்கள். வீட்டில் கேட்டுக்கொள் என்று அனுப்பவில்லை. மார்க்கத்தைக் கற்பதற்கு அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா (ரலி) பாராட்டியதை இதே மைக்கில்தான் நாங்கள் கேட்டோம்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். தமிழ் பேசும் ஓர் ஆலிமாவை ஏற்பாடு செய்யுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை போதும். ஆண்கள் இல்லாத அறையாக, மைக் இல்லாமல் இருக்கட்டும். 2017 முதல் மார்க்கக் கல்வி கற்பிப்பவர் அசாத்திஸா (மார்க்க ஆசிரியர்) அங்கீகாரத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அதனால் ஆள் தேட நாளாகும் என்பதும் புரிகிறது. ஆனால் தேடினால்தானே கிடைப்பார்? ரமலான் முழுக்கத் தினமும் கஞ்சி காய்ச்ச ஆள் திரட்டுகிறீர்கள். மலாய்ச் சகோதரிகளுக்கு அவர்கள் மொழியில் உஸ்தாஸாக்கள் (பெண் மார்க்க ஆசிரியர்கள்) இருக்கிறார்கள். அங்கே போய்க்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கடையில் சாமான் வாங்கும் மலாயில் இதையெல்லாம் கேட்க முடியாது. அப்படியே கேட்டாலும் அங்கே ஷாஃபி சட்டம்தான் கிடைக்கும், எங்கள் அம்மாவின் கேள்வி அப்படியே நிற்கும்.

பெண்கள் ஒளுச் செய்யும் இடத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். வாசலுக்கு ஒரு திரைகூடக் கிடையாது, எதிரே ஆண்கள் நடக்கும் படிக்கட்டு. முக்காட்டை விலக்காமல் தலைக்கு எப்படி மஸஹு செய்வது (ஈரக்கையால் தடவுவது)? முழங்கைவரை எப்படிக் கழுவுவது? ஒளுவின் ஃபர்ளு (கட்டாயச் செயல்கள்) நான்கா ஆறா என்று வருஷா வருஷம் பாடம் நடக்கிறது, அதைச் செய்ய இடம் இல்லை. மாடியில் எங்கள் பகுதிதான் உடைந்த நாற்காலிகளுக்கும் கிடங்கு. சரி, கோபத்தில் நீளமாகப் போகிறது. திரையை நாங்களே தைத்துத் தருகிறோம், மாட்ட அனுமதி கொடுத்தால் போதும்.

ஆலிமாவை மட்டும் எங்களால் தைத்துத் தர முடியாது. அது உங்கள் பொறுப்பு. அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் இதைத் தயவுசெய்து எடுத்துப் பேசுங்கள். முடியும், முடியாது என்று ஒரு பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஏற்பாடு ஆகும்வரை, சீட்டுகளை யாரும் பிரிக்காமல் நேராக ஹஜ்ரத் கையில் கொடுத்து, பதிலை எழுதி மாடிக்கு அனுப்பச் சொல்லுங்கள். என் தங்கையின் சீட்டு இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

வஸ்ஸலாம்,
மாடியில் உட்காரும் சகோதரிகளில் ஒருத்தி