சக்கரத்தைப் பன்னிரண்டாகப் பிரிக்க

கிளிநொச்சி

அன்பின் மச்சானுக்கு,

நலம். உன் கடிதம் கிடைத்தது. இங்கே இரணைமடுத் தண்ணீர் திறந்து சிறுபோக விதைப்பு நடக்கிறது. ஊரில் ஆளைப் பிடிப்பது கஷ்டம். நீ முள்ளியவளையிலேயே கணினியும் பிரிண்டரும் வைத்து வேலை தொடங்கியது பெரிய சந்தோஷம். ஒரு பதாகைக்காக வவுனியாவுக்குப் பஸ் ஏறும் அலைச்சல் அங்குள்ள சனத்துக்குக் குறையும்.

நீ கேட்ட மூன்று வேலையும் மேலுக்கு ஒன்றுபோலத் தெரியும்: கோயில் முகப்புக்கு நாலடி விட்டத்தில் ராசிச்சக்கரம், மூன்றாக மடிக்கும் அழைப்பிதழ், அண்ணன் தம்பிக்குப் பங்கு காட்டும் வயல் வரைபடம். மூன்றையும் "சமமாகப் பிரி" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் எது சமமாக வர வேண்டும், அகலமா, கோணமா, பரப்பளவா? இதை வேலை தந்தவரிடம் கேட்டுத் தெளியாமல் மௌஸில் கை வைக்காதே. ஒரு வட்டத்தை ஒரே அகலமுள்ள மூன்று நெடுங்கீலமாக வெட்டிப் பார். நடுக்கீலம் மட்டும் பரப்பளவில் 42 வீதத்துக்குக் கிட்ட எடுத்துக்கொள்ளும், ஓரத்தில் உள்ளவை 29 வீதம்தான். பரப்பளவு சமமாக வேண்டுமென்றால் இரண்டு வெட்டும் மையத்திலிருந்து ஆரையின் 0.265 மடங்கு தூரத்தில் விழ வேண்டும்.

அழைப்பிதழைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். A4 தாளைப் படுக்கையாக வைத்தால் 297 மில்லிமீற்றர். அதை 99, 99, 99 என்று பிரித்தால் உள்ளே மடியும் இதழ் மடிப்பில் முட்டி வளைந்து நிற்கும். 100, 100, 97 என்று பிரி. 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) முழு அகலம் 3508 பிக்சல், அதில் 1181, 1181, 1146. உட்பக்கத்தில் சிறிய இதழ் வலது ஓரம், ஆகவே கைட் கோடுகள் (திரையில் மட்டும் தெரியும், அச்சில் வராத வழிகாட்டிக் கோடுகள்) 1181இலும் 2362இலும். வெளிப்பக்கத்தில் அதே இதழ் இடது ஓரத்துக்கு வந்துவிடும், அங்கே 1146இலும் 2327இலும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே கைட்டைப் போட்டால் ஒரு பக்கத்து எழுத்து மடிப்பில் ஏறும்.

பெட்டி பெட்டியாகப் பிரிக்கும் மற்ற வேலைகளுக்கு ஒரு கணக்குப் போதும்: முழு அகலத்திலிருந்து இடைவெளிகளைக் கழித்துவிட்டுப் பெட்டிகளின் எண்ணிக்கையால் வகு. இடைவெளி எப்போதும் பெட்டியைவிட ஒன்று குறைவு. நிமிர்ந்த A4 2480 பிக்சல். இரு ஓரமும் நூறு நூறு விட்டால் 2280. மூன்று பெட்டி, இடையில் முப்பது முப்பது என்றால் 2220ஐ மூன்றால் வகுக்க 740, மீதியில்லை. மீதி வந்தால் கிம்ப் (இலவசப் பட மென்பொருள்) அரைப் பிக்சலில் கைட் போடாது, ஒரு பெட்டி ஒரு பிக்சல் கூடிவிடும். தசமத்தோடு மல்லுக்கட்டுவதைவிட இடைவெளியைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து முழு எண்ணுக்குக் கொண்டுவருவது நல்லது. போட்டோசொப்பில் வியூ மெனுவில் நியூ கைட் லேஅவுட் இதை எல்லாம் ஒரே பெட்டியில் கேட்டு வாங்கிவிடும்.

இனிச் சக்கரம். இதற்குத்தான் நீ ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும்.

கிம்பில் பென்சிலை மையத்தில் ஒரு முறை அழுத்தி, பிறகு ஷிப்ட்டையும் கொன்ட்ரோலையும் சேர்த்துப் பிடித்தால் கோடு 15 பாகைப் படிகளில் மட்டுமே திரும்பும். 12 பங்குக்கு 30 பாகை, 8க்கு 45, 6க்கு 60. இவை எல்லாம் அந்தப் படியில் நிற்கும். 5க்கு 72, 9க்கு 40, 10க்கு 36. இவை நிற்காது, கண்மதிப்பில் கீறத்தான் வரும். ஆகவே ராசிக்கு இந்த வழி சரி, ஐந்து இதழ்ப் பூவுக்குச் சரிவராது. இன்னொன்று: 1000 பிக்சல் படத்தின் நடு, 500ஆவது பிக்சலுக்கும் அடுத்ததற்கும் இடையில் விழும். ஒற்றைப் பிக்சல் கோடு அதில் நடுவாக நிற்கவே முடியாது. அகலம் இரட்டை எண்ணாக உள்ள படத்துக்கு இரண்டு பிக்சல் கோடு எடு.

கோட்டை லேயராக, அதாவது தனி அடுக்காக, வைத்துச் சுழற்றிச் சுழற்றி வைப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் முதல் லேயரின் கொப்பியையே எடுத்துச் சுழற்று: 30, 60, 90 என்று. சுழற்றியதைக் கொப்பி எடுத்து இன்னொரு 30 சுழற்றினால் பிக்சல்கள் திரும்பத் திரும்பக் கலந்து, பதினோராவது கோடு புகைபோல வரும்.

நாலடிப் பலகைக்கு நான் கிம்பைச் சொல்லமாட்டேன். இங்க்ஸ்கேப்பில் செய். அது பிக்சலால் அல்ல, கோட்டின் கணக்கால் வரையும் மென்பொருள்; எவ்வளவு பெருப்பித்தாலும் விளிம்பு உடையாது. நிலைக்குத்தும் கிடையுமாக இரண்டு கைட் போடு, வெட்டும் இடம் மையம். வட்டக் கருவியை எடுத்து, அந்த மையத்திலிருந்து கொன்ட்ரோலும் ஷிப்ட்டும் பிடித்து இழு. மையம் அசையாத முழு வட்டம் வரும். மேலே கருவிப் பட்டையில் ஸ்டார்ட், எண்ட் என்று இரண்டு பெட்டி இருக்கும். 270, 300 என்று அடி. வட்டம் ஓர் ஆரைச்சிறையாகச் சுருங்கும், கேக் துண்டு மாதிரி. ஏன் 270 என்றால், அங்கே பூச்சியப் பாகை மணிக்கூட்டின் மூன்று மணி இடத்தில் தொடங்கி மணிக்கூட்டுத் திசையில் கூடும், மேல் உச்சி 270இல் வரும். பிறகு கொன்ட்ரோல் டி அடித்து, புதியதற்கு 300, 330. அடுத்தது 330, 360. அதன் பிறகு 0, 30. பன்னிரண்டும் முடியும்போது ஒவ்வொன்றும் தனித்தனித் துண்டு, விரும்பிய நிறம் கொடுக்கலாம்.

இந்த வழியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. சுழற்றிச் சுழற்றி வைக்கும்போது ஒரு பிழை அடுத்ததோடு சேர்ந்துகொண்டே போகும். ஏழு பங்குக்கு 51.43 பாகை வேண்டும், ஒருவர் 51 என்று அடிக்கிறார் என்று வை. ஏழாவது முடியும்போது 357, மூன்று பாகை காணாது. திரையில் அது பெரிதாகத் தெரியாது. நாலடி வட்டத்தின் விளிம்பில் அது 32 மில்லிமீற்றர், இரண்டு விரல் அகலம்! தெருவில் போகிறவருக்கும் தெரியும். தொடக்கத்தையும் முடிவையும் தனித்தனியாக அடித்தால் ஒரு துண்டின் பிழை அந்தத் துண்டோடு நின்றுவிடும்.

உட்சுற்றில் 27 நட்சத்திரமும் போடச் சொல்லியிருக்கிறார்களே, அதற்கும் இதே வழி. ஒன்றுக்கு 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை), தசமத்தில் 13.333. மூன்று சேர்ந்தால் நேர் 40. ஆகவே 13.333, 26.667, 40 என்று வாய்பாடு எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள், ஒவ்வொரு மூன்றாவது கோடும் முழு எண்ணுக்கு வந்து சேரும். எல்லா எண்ணோடும் அந்த 270ஐக் கூட்டு, 360ஐத் தாண்டினால் 360ஐக் கழி. சரிபார்க்கவும் வழி உண்டு: நாலு ராசிக்கு ஒன்பது நட்சத்திரம். மேடத்தின் தொடக்கத்தில் அச்சுவினி, சிங்கத்தின் தொடக்கத்தில் மகம், தனுசின் தொடக்கத்தில் மூலம். இந்த மூன்று இடத்திலும் இரு சுற்றின் கோடும் ஒரே நேரில் விழ வேண்டும். விழாவிட்டால் எங்கோ பிழை, அச்சுக்கு அனுப்பாதே.

சிலர் 27 மூலை உள்ள பல்கோணி கீறி அதன் மூலைகளைப் பிடித்துக் கோடு இழுப்பார்கள். நல்ல வழிதான், ஆனால் ஒற்றை எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. ஐங்கோணியின் உச்சி மையத்திலிருந்து முழு ஆரைத் தூரம், அடிப்பக்கமோ 0.809 மடங்குதான். அலைன் கட்டளையால் அதை வட்டத்தோடு நடுவாக்கினால், மென்பொருள் சுற்றுப்பெட்டியின் நடுவைத்தான் பார்க்கும். உண்மையான மையம் ஆரையில் பத்தில் ஒரு பங்குக்குக் கிட்ட விலகிவிடும். 500 பிக்சல் ஆரைக்கு 48 பிக்சல். அலைன் செய்யாதே, பல்கோணியையும் அதே கைட் வெட்டும் புள்ளியிலிருந்தே இழு. ஆரைச்சிறையைச் சுழற்ற நேர்ந்தாலும் இதே கதை: இரண்டாம் முறை அழுத்தினால் வரும் சிறு சிலுவையைத் துண்டின் கூர்முனைக்கு இழுத்து வைத்த பிறகே சுழற்று.

பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே மயிரிழை வெள்ளைக்கோடு தெரிந்தால் பயப்படாதே. இரண்டு விளிம்பும் அரைகுறை நிறத்தில் சந்திப்பதால் பின்னணி எட்டிப் பார்க்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் கடும் நிறத்தில் ஒரு முழு வட்டம் போட்டுவிடு, போய்விடும். எழுத்துகள் ஒவ்வொரு துண்டின் நடுக்கோணத்தில் வர வேண்டும்: உச்சியிலிருந்து 15, 45, 75 என்று. கீழ்ப்பாதியில் வருபவற்றை 180 திருப்பு, இல்லாவிட்டால் துலாமும் கன்னியும் தலைகீழாகத் தொங்கும். அச்சுக்குக் கொடுக்கும் கொப்பியில் எழுத்தைப் பாத்தாக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்று. எழுத்துரு அங்கே இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். திருத்தக்கூடிய மூலக் கோப்பை நீ தனியாக வைத்திரு.

வயல் வரைபடத்தில் சமமாக வேண்டியது பரப்பளவு. நீ அனுப்பிய உருவம் கிட்டத்தட்ட முக்கோணி, வாய்க்கால் அடிப்பக்கத்தால் ஓடுகிறது. உயரத்தின் பாதியில் குறுக்கே கீறினால் மேல்துண்டு காற்பங்கு, கீழ்த்துண்டு முக்காற்பங்கு. குறுக்கு வரம்புதான் வேண்டுமென்றால் உச்சியிலிருந்து உயரத்தின் 0.707 இல் கீற வேண்டும். ஆனால் அப்படிப் பிரித்தால் மேல்துண்டுக்காரருக்கு வாய்க்கால் இல்லை. அடிப்பக்கத்தின் நடுவிலிருந்து உச்சிக்கு ஒரு கோடு கீறு. பரப்பளவும் சரிபாதி, இருவருக்கும் தண்ணீர் வாசலும் சரிபாதி. மூன்று பேர் என்றால் அடிப்பக்கத்தை மூன்றாகப் பிரித்து உச்சிக்கு இழு.

ஓரம் வளைந்த காணிக்குக் கிம்பில் பிக்சல் எண்ணலாம். செய்மதிப் படத்தில் அளவுகோல் 100 மீற்றர் 200 பிக்சலாக இருந்தால் ஒரு பிக்சல் கால் சதுர மீற்றர், ஒரு ஏக்கர் ஏறத்தாழ 16,190 பிக்சல். காணியைப் பிரீ செலக்ட் கருவியால் சுற்றி வளைத்துத் தெரிவாக்கு. விளிம்பை மழுங்கச் செய்யும் பெதர், அன்ரிஅலையசிங் இரண்டும் நிறுத்தியிருக்க வேண்டும். பிக்சல் கணக்குக் காட்டும் ஹிஸ்டோகிராமைத் திற, பிக்சல்ஸ் என்ற இடத்தில் எண் தெரியும். 48,600 என்றால் மூன்று ஏக்கர். தெரிவைச் சனலில் சேமித்துவிட்டு, செவ்வகத் தெரிவை இன்டர்செக்ட் முறையில் (இரண்டு தெரிவுக்கும் பொதுவான இடம் மட்டும் மிஞ்சும்) ஒரு பக்கத்திலிருந்து போட்டு 24,300 வரும்வரை நகர்த்து. அந்த விளிம்புதான் பாதிக்கோடு. இந்தப் படம் குடும்பம் இருந்து கதைப்பதற்கு மட்டும். வரம்பு போடுவதும் உறுதி எழுதுவதும் நில அளவையாளர் வந்து அளந்த பிறகுதான், அதை அவர்களிடம் நீயே தெளிவாகச் சொல். அண்ணன் தம்பி பகையாகக்கூடாது.

சக்கரத்தை முதலில் A4இல் எடுத்து வட்டமாக வெட்டி, எதிரெதிர்க் கோட்டில் மடித்துப் பார். ஆறு மடிப்பும் மையத்தில் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். சந்தித்தால் கோப்பை எனக்கு அனுப்பு. வட்டாப்பளைப் பொங்கலுக்கு முன் பலகை ஏற வேண்டும் என்று எழுதியிருந்தாய், நான் அன்றே பார்த்துத் தருகிறேன்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன் நண்பன்