பீனிசம் இல்லை, பிள்ளை

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் தலையிடி ரொறன்ரோக் குளிருக்கு வந்த பீனிசம், அதுதான் சைனஸ், என்று நீ சொல்கிறாய். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு பக்க நெற்றிப்பொட்டு விண்விண் என்று இடிக்கிறது, படியேறினால் கூடுகிறது, சத்தி வருகிறது, பக்கத்து அறையில் கோப்பை கழுவும் சத்தம்கூடப் பொறுக்க முடியவில்லை என்றாயே, அது ஒற்றைத் தலையிடி. டாக்டர்மார் மைக்கிரேன் என்பார்கள். அதிலும் மூக்கு ஒழுகும், கண் கலங்கும். அதனால்தான் நிறையப்பேர் பீனிசம் என்று நினைத்து ஆவி பிடித்துக்கொண்டு இருக்கிறார்கள்.

பரம்பரையாக வருகிற வருத்தம் இது. அம்மம்மாவுக்கு வந்தால் யன்னலைச் சாத்தி, வேர்க்கொம்பு உரைத்து நெற்றியில் பத்துப் போட்டு, விளக்கையும் நூர்க்கச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுவார். ஊரார் நாவூறு என்றார்கள். பத்து எவ்வளவு கேட்டதோ தெரியாது, இருட்டறையும் நித்திரையும் நிச்சயம் கேட்டிருக்கும். மருந்தில்லாவிட்டால் இது 4 மணித்தியாலத்திலிருந்து 3 நாள் வரைக்கும் நிற்கும்.

எனக்கு நல்லூர்த் தேரன்று கட்டாயம் வரும். வெயில் மட்டுமென்றால் தாங்குவேன், கற்பூரப் புகை மட்டுமென்றாலும் தாங்குவேன். வெறும் வயிற்றோடு இரண்டும் சேர்ந்தால் முடிந்தது. நீயும் அப்படித்தான் பார்க்கவேண்டும்: இரவு வேலை, காலைச் சாப்பாடு இல்லை, லீவு நாளில் மத்தியானம் வரை நித்திரை, மாதவிடாய்க்கு முந்திய நாட்கள். எது எதோடு சேரும்போது வருகிறது என்று ஒரு கொப்பியில் எழுது. இந்த முறை கந்தசஷ்டிக்கு நீ பட்டினி கிடக்கவேண்டாம், முருகன் கோபிக்கமாட்டார்.

பனடோலை இடி உச்சிக்கு ஏறும்வரை வைத்திராமல் தொடங்கின கையோடு போடு. ஆனால் எத்தனை நாள் போடுகிறாய் என்று அதே கொப்பியில் குறி. மாதத்தில் 15 நாளோ கூடவோ, மாதக்கணக்காகப் போட்டால் குளிசையே தலையிடியைக் கொண்டுவரும். கொடீன் என்ற கடுமையான நோமருந்து கலந்ததென்றால் மாதத்தில் 10 நாளே போதும், அப்படி வந்துவிடும். நீ கைப்பையில் அட்டையோடு திரிகிறாய் என்று தம்பி சொன்னான், அதுதான் எனக்குப் பயம்.

இடிக்கு முன் கண்ணில் வளைந்து நெளிந்து மினுங்கும் கோடு தெரிகிறதா? தெரிந்தால் டாக்டரிடம் சொல். கருத்தடைக் குளிசை எடுப்பதானால் வெட்கப்படாமல் அதையும் சொல். அந்தக் கோடு வருகிறவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் உள்ள குளிசை பாரிசவாத ஆபத்தைக் கூட்டும். திடீரென்று இடி விழுந்தமாதிரித் தலையிடித்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ, ஒரு பக்கம் சோர்ந்து வாய் குளறினாலோ எனக்குப் போன் எடுத்துக்கொண்டு நிற்காதே, அம்புலன்ஸைக் கூப்பிடு.

அடிக்கடி வருவதால் வராமல் தடுக்க நாளாந்தம் போடுகிற மருந்தும் தரக்கூடும். புரப்ரனோலோல் என்பது அதில் ஒன்று, நானும் போடுகிறேன். ஆனால் சின்னனில் உனக்கு முட்டு, அதுதான் ஆஸ்மா, இழுத்து இரவிரவாக ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். முட்டுக்காரருக்கு அது கூடாது. அங்குள்ள டாக்டருக்கு இது தெரியாது, நீதான் முதலில் சொல்லவேண்டும். போய்வந்ததும் என்ன மருந்து எழுதினார் என்று வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அம்மா