வீட்டுப் படத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்

தமிழ்நாட்டில் புகைப்படக் கழகங்களை நடத்துகிற, போட்டிகளுக்கு நடுவராக அமர்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் சின்னதாக ஒரு பிரிண்டிங் லேப் வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம்தான் பிழைப்பு. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட நாள் நெருங்கினால் உங்கள் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிற இளைஞர்களும் இளம்பெண்களும் கடைக்கு வருவார்கள். முகூர்த்த நாட்களில் கேண்டிட் எடுத்துச் சம்பாதித்து, அதில் மிச்சம்பிடித்து லென்ஸ் வாங்கியவர்கள். பிரிண்டுக்குப் படம் தேர்ந்தெடுக்க என் கணினியில்தான் ஹார்டு டிஸ்க்கைச் சொருகுவார்கள். போட்டிக்கென்று வைத்திருக்கும் ஃபோல்டரையும், யாருக்கும் காட்டாமல் வைத்திருக்கும் ஃபோல்டரையும் நான் அடுத்தடுத்துப் பார்க்கிறேன். இந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

போட்டி ஃபோல்டர் எனக்கு மனப்பாடம். புழுதிக்குள் செம்மறிக் கூட்டம், மரத்துக்கு நடுவே வெயில் கதிர். அலங்காநல்லூர்க் காளை. கறுப்பு வெள்ளையில் சுருக்கம் விழுந்த பாட்டியின் முகம். குலசை தசராவில் நாக்கைத் தொங்கவிட்ட காளி. கூவாகத்தில் தாலியறுத்த மறுநொடி அழுகிற திருநங்கை. யார் எடுத்தது என்று பெயரை மாற்றிப் போட்டாலும் தெரியாது. கதிர் விழுவதற்குப் புகை போட்டுக் கொடுக்கவும், ஆட்டை ஓட்டிக்கொண்டு வரவும் ஆளுக்குக் காசு கொடுக்கும் செட்-அப் ஷூட்கள் நடப்பது உங்களுக்கும் தெரியும். அதில் எடுத்த படங்களுக்குத்தான் பரிசும் போகிறது.

குலசேகரன்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். வேஷம் போடுகிறவர் நேர்த்திக்கடனுக்காக மாலை போட்டு, வாரக்கணக்கில் விரதமிருந்து, வீடுவீடாகக் காணிக்கை வாங்கி, அதை முத்தாரம்மன் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். என்ன நேர்த்தி, யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, வேஷத்தைக் கலைத்த பிறகு மறுநாள் என்ன வேலைக்குப் போகிறார் என்பதெல்லாம் அந்தத் தெருப் பிள்ளைக்குத் தெரியும். மகிஷாசுர சம்ஹாரத்தன்று ராத்திரி மட்டும் பஸ் பிடித்து வந்து கடற்கரையில் நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் போட்டிகள் இதுவரை அந்த ஒரு ராத்திரிக்குத்தான் மதிப்பெண் போட்டிருக்கின்றன. கூவாகத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி விடுகிறேன்: அழுகிறவரின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் லென்ஸை நீட்டி, அனுமதி கேட்காமல் எடுத்த படத்தை இனிமேல் ஏற்காதீர்கள்.

இப்போது அந்த இன்னொரு ஃபோல்டர். சிவகாசிப் பக்கத்துப் பையன் ஒருவன். அவனுடைய அம்மா பட்டாசு ஆபீசுக்கு, அதாவது பட்டாசு ஆலைக்கு, வேலைக்குப் போகிறவர். வேலை முடிந்து வந்து, குளித்து, சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறார். சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணிலும் விரல் ரேகையிலும் அலுமினியப் பவுடர் வெள்ளியாக மினுங்குகிறது. அந்த விரல்கள் ரசத்தில் சோற்றைப் பிசைகின்றன. மேலே டியூப்லைட், பின்னால் காலண்டர், ஓரத்தில் தங்கச்சியின் புத்தகப் பை. இதே போல நிறைய இருந்தன: அம்மா தலையில் எண்ணெய் வைப்பது, ஆபீஸ் வேனுக்குக் காத்திருப்பது, ஞாயிற்றுக்கிழமை பகலில் அசந்து தூங்குவது. சிவகாசியைப் பற்றி நான் பார்த்த விபத்துப் படங்கள் எதுவும் எனக்குச் சொல்லாததை அந்தக் கை சொன்னது. ஒரு கழகத்தின் போட்டிக்கு அதை அனுப்பினான். பின்னணி இரைச்சலாக இருக்கிறது, வெளிச்சம் தட்டையாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவனும் ஆட்டுக்கிடைக்குப் போனான்.

இந்தப் பிள்ளைகளுக்கு எதிலிருந்து உந்துதல் கிடைக்கிறது என்று கருத்தரங்குகளில் கேட்கிறீர்கள். அவர்களும் வெளிநாட்டுப் பெயர்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து என்று சொல்ல இன்னும் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் புகைப்படக் கலைஞர் பழனிக்குமார். மலக்குழி மரணங்களையும், அதில் கணவனையும் மகனையும் இழந்த பெண்களையும், ராமநாதபுரம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து எடுத்தார். அப்புறம் மீனவப் பெண்கள் கையிலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் கையிலும் கேமராவைக் கொடுத்து, அவர்கள் வாழ்க்கையை அவர்களையே எடுக்கச் சொன்னார். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் யாரிடமும் படிக்காமல் தானே கற்றுக்கொண்டவர். 2020 ஊரடங்கில் வீட்டோடு இருக்க நேர்ந்தபோது கேமராவைத் தன் குடும்பத்தின் பக்கம் திருப்பினார். ஒடுக்கப்பட்ட பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடம் தொடங்கிய பாட்டி பொன்னுத்தாயின் கதை அந்த வீட்டுக்குள்தான் இருந்தது. அந்தப் படங்களை வெளிநாடுகளிலும் பார்த்தார்கள். தில்லியில் சோராப் ஹுராவும் மனநோயால் அவதிப்பட்ட தன் தாயை, அவருடைய நாயை, அந்த வீட்டை ஆண்டுக்கணக்கில் எடுத்தவர்தான்.

இவர்களில் யாருடைய வேலையும் ஒற்றைப் படத்தில் அடங்காது. நீங்களோ திரையில் சில நொடி காட்டி, பட்டனை அழுத்தி மார்க் போடுகிறீர்கள். சில நொடியில் கண்ணைப் பிடித்து இழுப்பது காளி வேஷமாகத்தான் இருக்கும், அம்மாவின் கை தோற்றுத்தான் போகும். நடுவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் முறையை வகுத்தது நீங்கள்தான், மாற்றவும் உங்களால் முடியும்.

சாலோன் என்று நீங்கள் சொல்லும் ஒற்றைப் படப் போட்டிப் பிரிவுகள் அப்படியே இருக்கட்டும். கூடவே ஒரு பிரிவு சேருங்கள்: சொந்த ஊரில், சொந்தத் தெருவில், சொந்த வீட்டில் ஒரு வருஷமாவது எடுத்த எட்டுப் பத்துப் படங்களின் தொடர். செல்போனில் எடுத்ததும் வரட்டும். செட்-அப் கூடாது. படத்தில் இருப்பவருக்குத் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும். நடுவர்கள் பிரிண்ட்டைக் கையில் வைத்துப் பார்க்கட்டும், எடுத்தவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிஷம் பேச விடட்டும். அந்த மேசையில் ஒரு பெண்ணாவது நடுவராக இருக்கட்டும். அடுப்படியை எடுக்கிற பெண்களை நான் நிறையப் பார்க்கிறேன், அவர்கள் படங்கள் உங்கள் பட்டியல்களில் வருவதே இல்லை. தேர்வாகும் தொடர்களை ஹோட்டல் ஹாலில் மாட்டாமல், எடுத்த ஊரின் நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ மாட்டுங்கள். காகிதச் செலவு மட்டும் கொடுத்தால் பிரிண்ட் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

நுழைவுக் கட்டணத்தைப் பற்றியும் யோசியுங்கள். பிரிவுக்கு இவ்வளவு என்று வாங்குவதால் நாலு பிரிவில் கலந்துகொள்ள ஒரு பிள்ளை ஒரு கல்யாண வேலையின் கூலியைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மாணவர்களுக்கும் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் இந்தத் தொடர் பிரிவையாவது இலவசமாக வையுங்கள். அப்புறம், திருப்பி அனுப்பும் ஒவ்வொரு தொடருக்கும் நடுவர் தன் கைப்பட நாலு வரி எழுதி அனுப்பட்டும். வர வர எண்ணிக்கை கூடி, வேலை அதிகமாகும் என்று தெரியும். அந்த வேலைக்கு ஆள் வேண்டுமென்றால் எங்களைப் போன்றவர்களையும் கூப்பிடுங்கள், வருகிறோம்.

அன்புடன்,
ஒரு லேப்காரர்